ஈர்க்கும் பொன்தாளும்

என் வயதுக்காரிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முழங்கால் வலிக்காமல் தொழுகையில் சுஜூதுக்குப் போய் வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் வேறு எதையாவது வாசித்துக்கொள்ளட்டும்.

நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் ஒன்றரை மாதம் கிடக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் கூட இருந்த மனிதர் போய்விட்டார். ஊரே வந்து பார்த்தாயிற்று. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள். பொறுமையாக இரு, அல்லாஹ் போதுமானவன், நேரத்துக்குச் சாப்பிடு. நானும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து நொந்துவிட்டேன். வெள்ளை உடுப்பு, திரை போட்ட யன்னல், வெறும் கை, வெறும் காது. அவர் போன அன்றைக்கு மூத்த மகள் என் காதில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி கைலேஞ்சியில் முடிந்து அலுமாரியில் வைத்தாள். காது இலேசாகிப் போனது. இந்த வயதில் உடம்பில் இலேசாக இருப்பது அது ஒன்றுதான்.

இளைய மகள்தான் என்னோடு இருக்கிறாள். அவளுக்குப் போனில் ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வீட்டில் கிடக்கும் சாமான்களில் நகை செய்வது எப்படி என்று யாரோ ஒரு பெண் சொல்லிக் கொடுக்கிறாள், இவள் செய்கிறாள். பழைய பத்திரிகையைச் சுருட்டித் தோடு, பூசணி விதையில் மாலை, சட்டைப் பின்னில் காப்பு. செய்து படம் எடுத்துப் போட்டால் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இருந்து வாங்குகிறார்களாம்.

"உம்மா, பாருங்க, வெறும் பேப்பர்ல செஞ்சது. புதுசா இரிக்கில்ல?" என்று ஒரு தோட்டை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள்.

"புதுசா? நாங்க செய்யாததா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு நாம் கிழவியாகவே பிறந்தோம் என்று நினைப்பு. எனக்கோ அந்தத் தோடு கண்ணை விட்டுப் போகவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதுவும் இப்படித்தான், வீட்டில் கிடந்த சாமானில் நகை செய்யப் போய் வந்தது.

அந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். பாண் ரொட்டிக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை. நெல் விளையும் பக்கத்தில் இருந்ததால் நமக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது. பெருநாளைக்குக் கல்முனைக் கடைத்தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாலும் ஒரு சோடிக் காப்பு கிடைக்காது. பாசிமணி என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அதனால் நாமே செய்தோம். மரவள்ளி இலைத் தண்டை எடுத்து இந்தப் பக்கம் ஒரு முறி, அந்தப் பக்கம் ஒரு முறி. தோலில் தொங்கிக்கொண்டு மணிமணியாக இறங்கும், நுனியில் இருக்கும் இலை பதக்கம். பின்னேரத்துக்குள் வாடிவிடும், பால் பட்ட சட்டை மட்டும் வாடாமல் கறையோடு கிடந்து அடி வாங்கித் தரும். கடற்கரையில் தானாக ஓட்டை விழுந்த சின்ன ஊரிச் சிப்பிகளைப் பொறுக்கி நூலில் கோர்ப்போம். தந்திக் கம்பத்தில் வேலை செய்கிறவர்கள் வெட்டிப் போட்ட வயர் துண்டுக்குள் சிவப்பும் பச்சையுமாக மெல்லிய கம்பிகள் இருக்கும். அதில் மோதிரம்.

எல்லாவற்றிலும் பெரிய நகை பிரஷ் காப்பு. பல்லுத் தீட்டும் பிரஷின் பிடியைக் கொதிநீரில் போட்டு, இளகியதும் போத்தல் கழுத்தில் சுற்றிப் பிடித்தால் காப்பாகிவிடும். வாப்பாவின் பிரஷ் கண்ணாடி போன்ற சிவப்பு. அது எப்போது தேயும் என்று நான் தினமும் போய்ப் பார்ப்பேன்.

"இந்தப் புள்ள எண்ட வாயப் பாக்கிற மாதிரி ஒரு டொக்டரும் பாக்கல்ல," என்பார் வாப்பா. கடைசியில் மயிர் பாதி இருக்கும்போதே பிடுங்கிக் காப்பாக்கிவிட்டேன். அவர் ஒரு மாதம் விரலால் பல் தீட்டினார். எனக்கு அடிக்கவில்லை. அந்த மனிதருக்கு என்னை அடிக்க ஒருநாளும் கை வந்ததில்லை.

என்ன செய்தாலும் பொன் நிறம் மட்டும் எங்களிடம் இல்லை. சிவப்புக்குக் குன்றிமணி, வெள்ளைக்கு ஊரி, பச்சைக்கு வயர். பொன்னுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது சாச்சாவின் சட்டைப் பை.

சாச்சா என்றது என் சாச்சியின் மாப்பிள்ளையை. சாச்சி உம்மாவின் ஒரே தங்கை. தாய் முன்பே மௌத்தாகிவிட்டதால் உம்மாதான் அவரை வளர்த்துக் கலியாணமும் முடித்துக் கொடுத்தார். நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தார். எங்கள் வளவுக்குள்ளேயே இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. சாச்சாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். நெல் விஷயமாக அக்கரைப்பற்றுக்குப் போய் வரும் நாளெல்லாம் பஸ் நிற்கும் சந்தியில் ஒரு கடையில் பொன்தாள் சுற்றிய இனிப்பு இரண்டு வாங்கி வருவார்.

"உனக்கு ஒண்டு, உண்ட சாச்சிக்கி ஒண்டு. சண்ட பிடிக்காம திண்ணுங்க," என்பார்.

சாச்சிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்குப் பத்து. இருவரும் அடுப்படி வாசலில் இருந்து தின்போம். நான் ஒரே வாயில் விழுங்கிவிடுவேன், அவர் நுனிப்பல்லால் கடித்துக் கடித்து ஒரு மணித்தியாலம் தின்பார். தின்று முடிந்ததும் அவருடைய தாளும் எனக்குத்தான். கசங்கல் போக நகத்தால் தேய்த்துத் தேய்த்து என் வாசிப்புப் புத்தகத்துக்குள் வைப்பேன். தேய்க்கும்போது வரும் அந்த மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது, சீனியும் தகரமும் கலந்த மாதிரி.

கலியாணம் முடிந்து ஒன்பதாம் மாதம், கதிர் முற்றும் நேரத்தில், பன்றிக் காவலுக்கு வயல் வாடியில் இருந்த சாச்சாவைப் பாம்பு தீண்டியது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வளவுக்குள் பெண்கள் போட்ட சத்தத்தில் நான் கிணற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். மற்றது எனக்கு நினைவில்லை. இருந்தாலும் எழுத மாட்டேன், களைப்பாக இருக்கிறது.

சாச்சியை அறைக்குள் இருத்தினார்கள். யன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டினார்கள். சுவரில் இருந்த கண்ணாடியை உம்மா கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். காப்பு, மாலை, காது வளையங்கள் எல்லாம் கழன்றன. நம் உம்மாமார் காதில் மடல் நெடுக வரிசையாகக் குத்தி வளையம் போடுவார்களே, அலுக்குத்து என்று, அது சாச்சிக்கும் இருந்தது. கீழ் ஓட்டை சிறு வயதில் குத்தியது. மேலே மூன்று மூன்று ஓட்டை கலியாணத்துக்கென்று குத்தியவை. புதுப் புண் ஆறி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்தப் போகத்தில்தான் எனக்கும் காது குத்தியிருந்தார்கள். வெட்டு முடிந்து நெல் விற்றால்தான் பொன், அதுவரை ஓட்டை தூர்ந்துபோகாமல் ஈர்க்குத் துண்டு. மூன்று நாளைக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டுத் திருகவேண்டும். ஒரு தடவை மறந்தால் தசை பிடித்துக்கொள்ளும், உயிர் போகும். ஆகவே காதைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எனக்கு நினைப்பு.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே சாச்சியின் அறைக்குத்தான் போவேன். சின்னப்பிள்ளைக்குத் தடையில்லை. அவர் பாயில் சாய்ந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் என் நகைகளைத் தகரப் பெட்டியோடு கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டிச் செய்துகொண்டிருப்பேன். ஊரிக்கு நூல் கோர்க்க ஊசி பிடித்துத் தருவார். அவ்வளவுதான். ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது அவருடைய மேல் ஓட்டைகள் சுருங்கிப் புள்ளியாகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சாச்சி, உங்கட காது தூந்து போகப் போகுது," என்றேன்.

"போனாப் போகட்டும் மகள்."

"பொறகு எப்பிடி வளையம் போடுற? இத்தா முடிஞ்சாப் போடத்தானே வேணும்?"

"இனி ஆரு மகள் எனக்கு வளையம் போடுற?" என்றார்.

"நான் போட்டு உடுறன்," என்றேன். சொல்லிவிட்டு ஓடிப்போய் விளக்குமாற்றில் ஆறு ஈர்க்கு முறித்து, கழுவி, எண்ணெய் தொட்டுக் கொண்டுவந்தேன். முதலாவதை நுழைத்தபோது அவர் பல்லைக் கடித்தார். இரத்தம் ஒரு சொட்டு வந்தது. ஆனால் தலையை எடுக்கவில்லை. ஆறும் போட்டு முடிந்ததும் காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். சாச்சா மௌத்தாகிய பிறகு அவர் தன் உடம்பில் ஏதோ ஒன்றை அக்கறையாகத் தொட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

உம்மா இதைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஈர்க்குத்தானே. ஈர்க்கு நகையா?

சாச்சாவுக்கு ஓதிச் சோறு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தம் வந்தது. விடிந்ததில் இருந்து வளவு முழுக்கப் பெண்கள், அடுப்பில் பெரிய பெரிய சட்டிகள். சாச்சாவின் உம்மா வரப்போகிறார், அவருடைய குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் வரப்போகிறார்கள் என்று கதை. நான் சாச்சியின் காதைப் பார்த்தேன். பழுப்பு நிற ஈர்க்குகள். ஏழை வீட்டுப் பிள்ளையின் காது மாதிரி இருந்தது. இவ்வளவு பேர் வரும் நாளில் என் கைவேலை இப்படி அசிங்கமாக இருப்பதா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோகம் வேறு, அலங்காரம் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் யார் சொல்லித் தந்தார்கள்? சொல்லித் தந்திருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது.

வாசிப்புப் புத்தகத்துக்குள் இரண்டே இரண்டு பொன்தாள் மிஞ்சியிருந்தது. இனிமேல் வாங்கித் தர ஆளில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். ஒரு தாளை மூன்றாகக் கிழித்து, வலக்காது ஈர்க்குகளின் முனைகளில் இறுக்கிச் சுற்றி, நகத்தால் தட்டையாக்கினேன். சின்னச் சின்னப் பொற்பொட்டு. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"என்னகா செய்றாய்?" என்றார் சாச்சி, கண்ணைத் திறக்காமல்.

"சும்மா எண்ண பூசுறன்," என்றேன்.

வெளியே உம்மாவின் சத்தம். "எங்ககா போய்த்தாய்? சுறுக்கா வா, பக்கத்தூட்டச் சகன் எடுக்கணும்!"

மற்றத் தாளைப் பாயில் வைத்துவிட்டு, "வந்து மற்றக் காதுக்கும் பூசுறன் சாச்சி, இத எடுத்து வைங்க," என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாகச் சகன் தட்டுச் சுமந்ததில் பொழுது போய்விட்டது. திரும்பி அறைக்குப் போகவே முடியவில்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஓதி முடிந்தது. பெண்கள் ஆறு பேருக்கு ஒரு சகனாகச் சுற்றி அமர்ந்துகொண்டிருந்தார்கள். சாச்சாவின் உம்மா சாப்பிடுமுன் மருமகளைப் பார்க்க அறைக்குள் போனார். நான் வாசல் திரை ஓரத்தில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றேன். சாச்சியைக் கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதார்கள். அழுத அழுகையில் சாச்சியின் தலைச்சீலை பின்னால் சரிந்தது.

அந்த மனிசியின் அழுகை அப்படியே நின்றது. சாச்சியின் நாடியைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இதென்னகா காதில?"

சாச்சி சரிந்த சீலையை இழுத்தார்.

"எண்ட மகன் கபுறுக்குப் போய் இண்டைக்குத்தான் நாப்பது. அதுக்குள்ள உனக்குச் சோடின கேக்குதா? ஆருக்குக் காட்ட இந்த மினுக்கம்?"

சகனில் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள். திரைக்கு வெளியே பத்துத் தலை, திரைக்குள்ளே நாலு தலை. உம்மா கையில் கறிச்சட்டியோடு வந்து பார்த்தார், அவர் முகம் சாம்பலாகப் போனது. சாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

"நான்தான் போட்டன் மாமி," என்றார் சாச்சி.

தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றேன். நான்தான் செய்தேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். எனக்கு வாய் வரவில்லை. உம்மாவின் அடிக்குப் பயந்தேன், அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சாச்சாவின் உம்மா சாப்பிடாமல் எழுந்து போனார். அவரோடு வந்தவர்களும் போனார்கள். தொடாத சகன் நாலு அப்படியே கிடந்தது. கத்தச் சோற்றில் கை வைக்காமல் சம்பந்தி வீட்டார் எழும்புவதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் உம்மா அறைக்குள் போய் சாச்சியின் காதில் இருந்த ஆறையும் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டார்.

"ஈக்கிலுக்கு நான் வாய் துறந்தனா? மினுக்கம் என்னத்துக்குக் கேக்குறன்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே அழுதார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. சின்னப்பிள்ளை என்றால் விளையாடும், அழும், தின்னும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்திருந்த காலம். அந்த நினைப்பு என்னைக் காப்பாற்றியது.

கதை கடற்கரை நெடுகப் போனது. இத்தாவுக்குள்ளேயே சோடித்தவள். பொன்தாள் போய்த் தோடாகி, தோடு போய்ப் புதுத் தோடாகி, கடைசியில் அதைக் கொண்டுவந்து கொடுத்த ஒரு ஆளும் கதைக்குள் வந்துவிட்டான். சாச்சி மீதி நாட்களை வெறும் காதோடு இருந்து முடித்தார். நான் ஈர்க்குக் கொண்டு போகவில்லை. அவரும் கேட்கவில்லை. மேல் ஓட்டைகள் ஆறும் தூர்ந்து போயின.

அதற்கடுத்த வருடம் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பிள்ளை இல்லாத மனிசன், மனைவியை இழந்தவர், நல்ல ஆள் என்றார்கள். அவருடைய கூடப்பிறந்த ராத்தா பஸ்ஸில் வந்து சாச்சியைப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, சிரித்துக்கொண்டு போனார். உம்மா அன்றைக்குச் சாச்சிக்குத் தன் வளையத்தைப் போடப் பார்த்தார், ஓட்டை இல்லை. கீழ் ஓட்டையில் மட்டும் ஒரு சின்னத் தோடு. ஒரு வெள்ளிக்கிழமை கழிந்து தரகுப் பொம்பிளை வந்து படலையில் நின்றபடியே சொன்னார்.

"வேணாமாம்கா. ஆரோ என்னவோ சொல்லிப்போட்டாங்களாம். இத்தாக் கத."

அப்போது என் காதில் புதுப் பொன் வளையங்கள். அவை சுட்டன. உண்மையாகவே சுட்டன.

அதோடு சரி. சாச்சிக்கு வேறு சம்பந்தம் வரவில்லை, வந்தாலும் அவர் கேட்கவில்லை. தையல் மெசின் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளின் கலியாணச் சட்டைகள் தைத்தார். என்னுடையதும் அவர் தைத்ததுதான். அளவெடுக்கும்போது வாயில் குண்டூசியோடு என் முன்னால் முழங்காலில் நின்றார். அவர் காது என் கண்ணுக்கு நேர் கீழே. மேல் மடலில் மூன்று வெள்ளைத் தழும்பு. "சாச்சி," என்று தொடங்கினேன். குண்டூசியைக் கடித்தபடியே, "அசையாத," என்றார். நான் அசையவில்லை, பேசவும் இல்லை. அந்தச் சாட்டு எனக்குப் பிறகு நாற்பது வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

இடையில் ஒரு மௌலவியிடம் மட்டும் கேட்டேன், வேறு யாருக்கோ கேட்பது போல. இத்தா இருப்பவள் ஓட்டை தூராமல் குச்சி போடலாமா என்று. குச்சி நகையாகாது, தேவைக்குப் போடலாம் என்றார். தாள் நகையாகுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சுனாமியில் கடல் வந்த வருடம் அந்த வளவு, கிணறு, இரண்டு வீடு, தையல் மெசின், என் தகரப் பெட்டி எல்லாம் போய்விட்டன. ஊரி மாலை போனது பற்றிக் கவலையில்லை, அது கடலுடையது. வாப்பாவின் பிரஷ் காப்பு போனதுதான். வாப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார், அவர் கை பட்ட சாமானென்று எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

நேற்று அஸருக்குப் பிறகு சாச்சி வந்தார். இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கடலுக்குப் பிறகு அவருக்கு வீடு கொடுத்த வீட்டுத் திட்டத்திலிருந்து மூன்று சில்லு ஓட்டோவில் வந்து இறங்கி, கதவைப் பிடித்துப் பிடித்து என் அறைக்குள் வந்து கட்டிலில் பக்கத்தில் அமர்ந்தார். பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர் கையை முத்தமிடலாம் போல இருந்தது. இளைய மகள் தன் பேப்பர்த் தோடுகளைக் காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல கைவேல மகள்," என்று சொல்லி அவளைத் தேத்தண்ணிக்கு அனுப்பினார்.

எனக்குத் தாங்கவில்லை. அறுபது கடந்தவள் பத்து வயதுப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினேன்.

"சாச்சி, அண்டைக்கு அந்தப் பொன்தாள் சுத்தினது நான். நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க. உங்கட வாழ்க்கையே போயிட்டு. நான் பாத்துக்கிட்டு நிண்டன்."

சாச்சி என்னைப் பார்த்தார், ஏதோ கணக்குப் பிழையாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல.

"ஆரு பொய் சொன்ன?" என்றார். "நீ ஒரு காதுக்குத்தானே சுத்தினாய்?"

எனக்கு விளங்கவில்லை.

"வலக்காதுக்குச் சுத்தினாய். உம்மா கூப்புட ஓடிட்டாய். மற்றத் தாள் பாயில கிடந்திச்சி. இடக்காதுக்கு நான் சுத்தினன். கண்ணாடியுமில்ல. தடவித் தடவித்தான் சுத்தின."

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிய அந்தக் கை எனக்கு நினைவு வந்தது. இரண்டு காதும் மினுங்கியதை என் கண்ணால் கண்டேன். ஐம்பது வருடம் அதை நினைத்து நினைத்து அழுதும் ஒரு நாளாவது எண்ணிப் பார்க்கவில்லை.

"என்னத்துக்குச் சாச்சி?"

"அது அவர் வாங்கித் தந்த இனிப்புத் தாள்தானே? அவர் தந்தது வேற என்ன கிடந்திச்சி எண்ட கையில? பொன்னெல்லாம் கழட்டியாச்சி." சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "எனக்கு ஆசையா இருந்திச்சி. இருவத்திரெண்டு வயசுகா எனக்கு."

"அத மாமிக்கிட்டச் சொல்லியிருக்கலாமே? அவக்கு விளங்கியிருக்கும்."

"மகன் குடுத்த தாளெண்டு தெரிஞ்சா அவ விடுவாவா? பறிச்சிக்கிட்டுப் போயிருப்பா. நானெண்டாலும் பறிச்சிருப்பன். கடைசியில உண்ட உம்மா அடுப்புல போட்டுட்டா."

இவ்வளவு காலம் அது என் குற்றம் என்று நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் அவருடைய ஆசை ஒன்று இருந்ததை நான் கேட்டு அறிந்ததே இல்லை. ஊர் அவரைச் சோடித்தவள் என்றது. நான் அவரைப் பாவம் என்றேன். இருவரில் யார் அதிகம் பிழை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

சாச்சி கையை நீட்டி என் தலைச்சீலையை ஒதுக்கினார். மேல் மடலை விரலால் தடவினார். பழைய ஓட்டைகள்தான், ஆனாலும் மேலே இருப்பவை சுருங்கத் தொடங்கியிருந்தன. எனக்கே தெரியாது. கண்ணாடி பார்த்துப் பல நாளாகிறது.

"தூந்து போகப் போகுது," என்றார்.

"போனாப் போகட்டும் சாச்சி. இந்த வயசில என்னத்துக்கு?"

அவர் கேட்கவில்லை. தேத்தண்ணியோடு வந்த மகளிடம் புது விளக்குமாறும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கேட்டார். அவள் ஒன்றும் விளங்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். சாச்சி ஈர்க்கு ஒன்றை உருவி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அளவு பார்த்து, ஆறு துண்டாக முறித்தார். எண்ணெய் தொட்டார். முதலாவது நுழையும்போது நான் பல்லைக் கடித்தேன், தலையை எடுக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது.

முற்றத்தில் யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பார்க்க வருகிற பெண்கள்தான். மகள் என் முகத்தையும் சாச்சியின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலைச்சீலையை இழுத்து மூட வந்தாள்.

"உடு," என்றேன் அவளிடம். "கேட்டா நான் சொல்றன்."

சாச்சி அவசரப்படவில்லை. விரலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டார்.

"மற்றக் காதத் திருப்பு," என்றார்.

திருப்பினேன்.